மலை வலது கைப் பக்கம்

எங்கள் நாடகத்தின் மூன்றாவது வாரம் ஓடி முடிந்த மறு நிமிடமே கேபிள் சேனல் ஆபீசில் போன் அடிக்க ஆரம்பித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரே பாராட்டப் போகிறது என்ற நினைப்பில், ஓனர் அண்ணன் கையிலிருந்து போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக் காதில் வைத்தேன்.

"ஏம்மா, நீங்கல்லாம் திருவண்ணாமலைக்காரங்கதானா? கிரிவலம் போறவளுக்கு மலை எப்படிம்மா இடது கைப் பக்கம் வரும்?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

அடுத்த போனிலும் அதே கேள்வி, அதற்கடுத்ததிலும் அதே. ஒரு அம்மா, குடும்பத்துக்கு ஆகாது, உடனே நிறுத்துங்கள் என்றார். விஷயம் இதுதான். எங்கள் கேமராமேன் எடிட் செய்யும்போது எந்தப் பொத்தானையோ அழுத்தி, படத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாற்றிவிட்டிருந்தான். கதாநாயகியின் முந்தானை வலது தோளில் கிடந்தது. எதிரே வந்த பஸ்ஸின் போர்டு எந்த மொழியிலும் இல்லை. அதையெல்லாம் ஒரு ஆளும் கேட்கவில்லை. மலை மட்டும் இந்தப் பக்கம் இருக்க வேண்டியது அந்தப் பக்கம் போய்விட்டதாம். எங்கள் ஊர் அப்படித்தான். பஸ்ஸிலும் பைக்கிலும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போவார்கள், ஆனால் சாமிக்கென்று கால் வைத்து நடந்தால் மலை வலது கைப் பக்கம் இருந்தே ஆக வேண்டும்.

அந்தத் திட்டெல்லாம் வாங்கும்போதுகூட எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பின்னே? இத்தனை பேர் பார்க்கிறார்களே!

நான் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு எழுதுகிறவள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்றால் எனக்கு டீ குடிக்கக்கூட நேரம் இருக்காது. பட்டா மாறவில்லை, உதவித்தொகை வரவில்லை, அண்ணன் பாகம் தரவில்லை என்று வருகிறவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவேன். என் மனுவைப் படித்து ஒரு அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியது நான்தான் என்றாலும், உண்மையாகவும் இருக்கலாம். அதை நம்பித்தான் ஓனர் அண்ணன் என்னை வசனம் எழுதக் கூப்பிட்டார். வாரம் ஒரு பகுதி, ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு, மொத்தம் பத்து வாரம். முதல் வாரத்து வசனமெல்லாம் "மேற்படி விஷயமாக" என்றுதான் வந்தது. போகப் போகச் சரியாகிவிட்டது.

எங்கள் யூனிட் என்பது மூன்றே பேர். நான், கேமராமேன், கதாநாயகி. மூவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது வரை ஒன்றாகப் படித்தவர்கள். அவன் கீழ்பென்னாத்தூர்க்காரன், கல்யாண வீடியோ எடுக்கிறவன். அதிகம் பேச மாட்டான், பேசினால் வெளிச்சம் ஜாஸ்தி, வெளிச்சம் கம்மி, இவ்வளவுதான். அவள் அடி அண்ணாமலை. டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை. ஒரு புடவையை உதறி மேசைமேல் போட்டாள் என்றால் வாங்க மாட்டேன் என்று வந்தவளும் வாங்கிக்கொண்டு போவாள். கதாநாயகியின் தோழியாக நடித்துக்கொண்டிருந்த பெண் நாலாவது வாரத்தோடு பெங்களூருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டதால், அந்த வேஷமும் என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்கிறேனே தவிர, கேட்ட உடனே சரி என்றவள் நான்.

அவன் வேலை செய்கிற விதத்தில் இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். ஒன்று, ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் கதாநாயகியைப் பார்த்து, "பூ சரி, புடவை சரி, பொட்டு சரி" என்பான். முந்தின ஷாட்டில் இருந்த மாதிரியே இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் அது. அந்த மூன்றையும் சொல்லாமல் பொத்தானை அழுத்த மாட்டான். இரண்டாவது, நடந்து வருகிற ஆளை எடுக்க வேண்டுமென்றால், கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடப்பான். அவன் முதுகுக்குப் பின்னால் யாராவது பெல்ட்டைப் பிடித்து, "பள்ளம்", "மாடு", "கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று இழுத்துக்கொண்டு போக வேண்டும். அது என் வேலை. ஒரு தரம் எனக்குக் கை வலிக்கிறது, ஒத்திகைக்கு மட்டும் நீ பிடி என்று அவளிடம் சொன்னேன். காது வரைக்கும் சிவந்துபோய், "நீயே பிடி" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

ஏன் சிவந்தது என்று எனக்குத் தெரியும். ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன வருஷம் ஒரு மழை நாளில் அவள் வீட்டில் மல்லாட்டைத் தோலை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். பன்னிரண்டாவது ஹால் டிக்கெட்டுக்குப் போட்டோ எடுக்க ஒரு ஸ்டுடியோவுக்குப் போயிருக்கிறாள். அவன் அப்போதே அந்த ஸ்டுடியோவில் பகுதி நேரம் வேலை. கேமராவில் கண்ணை வைத்தவன் நிமிர்ந்து, "பொட்டு கொஞ்சம் இடது பக்கம் போயிருக்குது" என்றானாம். மூலையில் ரசம் போன ஒரு கண்ணாடி அங்கே தொங்கியது, அதைப் பார்த்துச் சரி செய்துகொண்டாளாம். அவ்வளவுதான் நடந்தது. அதற்கப்புறம் பதினோரு வருஷமாக, தினம் காலையில் பொட்டு வைக்கும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்கிறது என்றாள். வீட்டில் வரன் பார்க்கிறார்கள், அவனிடம் இதைச் சொல்லவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை என்றாள். யாரிடமும் சொல்லாதே என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நான் சொல்லவில்லை. எழுதினேன்.

ஆமாம், எழுதினேன். ஒன்பதாவது வாரத்துக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. கதாநாயகி தன் மனசில் இருப்பதைத் தோழியிடம் சொல்கிற காட்சி. நாலு தரம் எழுதிக் கிழித்தேன். அஞ்சாவது தரம் பேனா தானாக ஓடியது. பொட்டு, ஸ்டுடியோ, ரசம் போன கண்ணாடி, தினம் காலையில் கேட்கிற குரல், எல்லாம் வந்துவிட்டது. படித்துப் பார்த்து நானே அழுதேன். ஊரும் அழ வேண்டும் என்று ஆசை. அந்த ஆசை கண்ணை மறைத்துவிட்டது. பேர் மாற்றியாகிவிட்டது, கதைதானே, அவளுக்கே பிடிக்கும் என்றுகூட நினைத்தேன் என்றால் என் புத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷூட்டிங்கில் பேப்பரை அவள் கையில் கொடுத்தேன். எங்கள் வழக்கம், முதலில் சத்தமாக ஒரு தரம் படித்துப் பார்ப்பது. அவன் ஸ்டாண்டில் கேமராவைப் பொருத்திக்கொண்டிருந்தான். அவள் படிக்க ஆரம்பித்தாள். "தினம் காலையில பொட்டு வைக்கும்போது" என்று மூன்றாவது வரி வந்ததும் குரல் நின்றுவிட்டது. மிச்சத்தைக் கண்ணால் படித்தாள். பேப்பரை மடித்து, பக்கத்தில் இருந்த நாற்காலியில் வைத்து, அது பறக்காமல் இருக்கத் தண்ணீர் பாட்டிலை மேலே வைத்தாள். என்னை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் தெரு திரும்பும் வரை நான் அப்படியே நின்றேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் பேனாவால் கெட்டேன்.

அவன் அந்தப் பேப்பரை எடுத்துப் படித்தான். படித்து முடித்து, இருந்த மடிப்பிலேயே திரும்ப மடித்தான். கற்பனைதான், சும்மா எழுதினேன் என்று நானாக உளறினேன்.

"அந்தக் கண்ணாடி இன்னும் அங்கதான் மாட்டியிருக்குது" என்று மட்டும் சொன்னான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவனுக்கும் ஞாபகம் இருக்கிறது! பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு கண்ணாடியை எவன் ஞாபகம் வைத்துக்கொள்வான்? எனக்கு வந்த சந்தோஷத்தில் ஓடிப்போய் அவளிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் சொல்ல அவள் என் பக்கத்தில் இல்லை, நான்தான் துரத்திவிட்டேன். இனி இவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு வார்த்தை எடுத்துக்கொண்டு போவதில்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒன்பதாவது வாரம் நாடகம் ஓடவில்லை. ஓனர் அண்ணன் பழைய தீபத் திருவிழா வீடியோவைப் போட்டுச் சமாளித்தார். அடுத்த ஞாயிறு கடைசிப் பகுதி வரவில்லையென்றால் இனி உங்கள் சங்காத்தமே வேண்டாம் என்றார். எனக்கு நாடகம் போனால் போகட்டும் என்றாகிவிட்டது. அவள் என்னிடம் பேச வேண்டும், அது ஒன்றுதான் வேண்டும். போன் போட்டால் எடுக்கவில்லை. கடைக்குப் போய் நின்றால், வேறு ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, "இந்த அக்காவுக்கு இன்னா வேணும்னு கேளு" என்றாள். என் வயசுக்காரி என்னை அக்கா என்கிறாள்! கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வெளியே வந்து அழுதேன்.

கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். அனுப்புநர், பெறுநர் எல்லாம் போட்டு, பொருள்: மன்னிப்பு கோருதல் தொடர்பாக என்று ஒரு மனு எழுதினேன். ஆயிரம் மனு எழுதினவளுக்கு அந்த ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் முழுக்க ஆனது. உன் ரகசியத்தை எடுத்து ஊருக்கு விற்கப் பார்த்தேன், எனக்கு இதற்கு மன்னிப்பு கேட்கிற தகுதிகூடக் கிடையாது, ஆனாலும் கேட்கிறேன் என்று முடித்தேன். மடித்து அவள் கடை மேசைமேல் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். மூன்று நாள் பதிலே இல்லை. நாலாவது நாள் ஓனர் அண்ணன் போன் செய்து, அவள் சனிக்கிழமை சாயங்காலம் வந்து நடித்துக் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள், ஒத்துக்கொண்ட வேலையைப் பாதியில் விட மாட்டாளாம், ஆனால் வசனம் ஒன்றும் பேச மாட்டாளாம் என்றார். வருகிறாளே என்று குதித்தேன், பேச மாட்டாளாமே என்று உட்கார்ந்துவிட்டேன்.

கடைசிக் காட்சி இதுதான். சண்டை போட்டுக்கொண்ட தோழிகள் இருவரும் வருண லிங்கக் கோயிலில் கற்பூரம் ஏற்றிவிட்டு, அடி அண்ணாமலை நோக்கிக் கிரிவலப் பாதையில் சேர்ந்து நடக்கிறார்கள். கதாநாயகி தோழியை மன்னித்துவிட்டு முன்னால் போய்விடுகிறாள். தோழி அழுதுகொண்டே தனியாக நடந்து வருகிறாள், முற்றும். இதையும் நான்தான் எழுதியிருந்தேன், பாவம் செய்வதற்கு முன்னால்.

சனிக்கிழமை அவள் வந்தாள். வெறுங்காலோடு, தலை நிறையப் பூவோடு வந்து, என்னைத் தாண்டி அவனிடம் போய் நின்றாள். நாங்கள் இருவரும் கற்பூரம் ஏற்றினோம். நிஜக் கற்பூரம், நிஜ நெருப்பு, நாடகத்துக்கென்று சாமி தனியாக இருக்கிறதா என்ன? நான் கண்ணை மூடி, இவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசட்டும், திட்டாவது திட்டட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வெளியே வந்து பார்த்தால் வெளிச்சம் சதி செய்தது. சாயங்கால வெயில் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அடி அண்ணாமலைப் பக்கம் நடந்தால் கேமராவில் முகம் கருப்பாக விழுகிறது என்று அவன் உதட்டைப் பிதுக்கினான். இரண்டு தரம் பார்த்தான். அப்புறம் தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னான். எதிர்ப் பக்கமாக, நிருதி லிங்கம் பக்கமாகத் திரும்பி நடந்தால் முகத்தில் வெளிச்சம் நன்றாக விழும். மலை இடது பக்கம் வரும்தான், ஆனால் எடிட்டில் இடவலம் மாற்றிவிடலாம், மலை வலது பக்கம் வந்துவிடும், முந்தானையை நம் ஊரில் எவன் பார்க்கிறான் என்றான்.

அவள் அசையவே இல்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. இன்றைக்கு எடுக்காவிட்டால் நாளை இல்லை, நாளை இல்லையென்றால் அவள் என் பக்கத்தில் வந்து நிற்கிற காரணமே இல்லாமல் போய்விடும்.

"நான் நடந்து காட்டறேன். பாவம் வந்தா என் தலையில வரட்டும்" என்று சொல்லிவிட்டு, மலையை இடது பக்கம் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். பத்தடி போயிருப்பேன். பின்னால் தடதடவென்று ஓடிவருகிற சத்தம். என் மேல்கையை ஒரு கை கெட்டியாகப் பிடித்து, அப்படியே சுற்றித் திருப்பியது. வளையல் அழுந்தி வலித்தது. மலை என் வலது பக்கம் வந்துவிட்டது.

"கற்பூரம் ஏத்திட்டுத் திரும்பி நடக்கறியே, அறிவிருக்காடி உனக்கு?" என்றாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. "டிவியில மலையை மாத்திக்கலாம். உனக்கு எவன் மாத்துவான்?"

இத்தனை பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவள் நான். "தப்புப் பண்ணிட்டேன்டி" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"பண்ணேதான். கோவம் இன்னும் போவல. உன் மனு பரிசீலனையில இருக்குது" என்றாள். "அதுக்காக உன்னை அந்தப் பக்கம் நடக்க வுட்ருவேனா?"

நான் அழுதேன். அவளும் அழுதாள். நடுரோட்டில் நின்று இரண்டு பேரும் அழ, இளநீர் வண்டிக்காரர் ஒருவர் மணியடித்து ஒதுங்கச் சொன்னார். என் உயிர்த் தோழி அவள், பன்னிரண்டு வயசிலிருந்து என் உயிரில் பாதி அவள், அதை ஒரு நாளும் அவளிடம் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. மூக்கைத் துடைக்க அவள் முந்தானையை இழுத்தேன், அவள் கையைத் தட்டிவிட்டாள்.

முகம் கருப்பாக விழுந்தால் விழட்டும், ஊர் நடக்கிற மாதிரியே நடங்கள் என்று அவன் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினான். வழக்கம் போல அவளைப் பார்த்து, "பூ சரி, புடவை சரி" என்றான். அதோடு நிறுத்திக்கொண்டு, குனிந்து கேமராவில் கண்ணை வைத்தான். அந்தப் பேப்பர் படித்த பிறகு அந்த மூன்றாவது வார்த்தை அவன் வாயில் வரவில்லை.

"பொட்டு சொல்லலியே" என்றாள் அவள்.

அவன் நிமிர்ந்தான். கேமராவுக்கு வெளியே, வெறும் கண்ணால், அவளை நேராகப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை.

"சரியாத்தான் இருக்குது" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான் பேச்சு. நடந்தோம், எடுத்தான்.

கடைசி ஷாட் மிச்சம் இருந்தது. நான் மட்டும் அழுதுகொண்டே தனியாக நடந்து வருவது. வெயில் புளியமரங்களுக்குப் பின்னால் இறங்கி, முகம் ஓரளவு தெரிகிற வெளிச்சமாகிவிட்டது. கண்ணீர் போதாது என்று அவன் தலைவலித் தைலம் கொடுத்தான், கண்ணுக்குக் கீழே தடவிக்கொண்டேன். அவன் கேமராவைத் தோளில் தூக்கிவைத்துப் பின்பக்கமாக நடக்கத் தயாரானபோதுதான் எங்களுக்கு உறைத்தது. நான் தனியாக நடக்கிற காட்சி இதுவரை வந்ததே இல்லை. எப்போதும் அவன் பெல்ட்டைப் பிடிக்கிறவள் நான். இப்போது யார் பிடிப்பது? ஓனர் அண்ணனும் வரவில்லை. அவன் யாரையும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை, சத்தியமாகத் திறக்கவில்லை.

அவள் முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள். அவன் முதுகுக்குப் பின்னால் போய், பெல்ட்டை எட்டிப் பிடித்தாள்.

"வா. பள்ளம் இருக்குது, நான் சொல்றேன்" என்றாள்.

அவன் பின்பக்கமாகக் கால் எடுத்து வைத்தான். அவள் முன்பக்கம் பார்த்து நடந்து, அவனை இழுத்துக்கொண்டு போனாள். "கல்லு", "மெதுவா", "இந்தப் பக்கம் வா" என்று சொல்லிக்கொண்டே போனாள். அவளுக்கு மலை வலது பக்கம் இருந்தது, பின்பக்கமாக நடக்கிற அவனுக்கு இடது பக்கம் இருந்தது, இரண்டு பேரும் ஒரே திசையில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்தபடி நான் நடந்தேன். தைலத்தால் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டுகிறது. வாய் மட்டும் நான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அழு, அழு என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பல் அத்தனையும் தெரிய இளித்துக்கொண்டே வந்தேன்.

இரண்டாம் தரம் எடுக்க வெளிச்சம் இல்லை. அதையே போட்டான்.

ஞாயிறு ஏழரை மணிக்கு முற்றும் என்று எழுத்து விழுந்ததும் போன் அடித்தது. ஓனர் அண்ணன், நீயே எடு, நீயே வாங்கிக் கட்டிக்கொள் என்று என் கையில் கொடுத்தார். வயசான அம்மா குரல்.

"ஏம்மா, கடைசியில அந்தப் பொண்ணு அழ வேண்டிய எடத்துல ஏன் அப்படிச் சிரிக்குது?"

"அவளை மன்னிச்சிட்டாங்கம்மா, அதான்" என்றேன்.

அந்தப் பக்கம் டிவியின் சத்தம் குறைந்தது.

"அப்ப சரி. மலையும் சரியான பக்கம்தான் இருந்துது" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போனை வைத்தார்.